ரும்பலாரா: நிலம் போனவங்க கட்டின கிளப்

பேரைப் பாத்துச் சிரிக்காதீங்க. கம்மரகஞ்சா. ஆஸ்திரேலியாவுல மர்ரே ஆத்தங்கரையில இருக்கிற ஒரு சின்ன ஊர். யோர்ட்டா யோர்ட்டான்னு ஒரு பூர்வகுடி சனம், அவங்க பாஷையில அதுக்கு ‘எங்க வீடு’ன்னு அர்த்தம் சொல்றாங்க. அந்த ஊர்ல ஆரம்பிச்சு, அறுபது எழுபது கிலோமீட்டர் தெக்கே ஷெப்பர்டன் டவுன்ல வந்து நிக்கிற ஒரு ஃபுட்பால் கிளப்போட கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கிளப் பேரு ரும்பலாரா. வானவில் முடியிற இடம்னு அதுக்கு அர்த்தமாம்.

ஆடு, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டிருந்தவன் எதுக்குத் திடீர்னு ஆஸ்திரேலியா ஃபுட்பாலுக்குப் போயிட்டான்னு நினைப்பீங்க. இதுவும் நிலத்தோட கதைதாங்க. பந்து நடுவுலதான் வரும்.

முதல்ல அந்த ஆட்டத்தைச் சொல்லிடறேன். நாம டிவியில பாக்கிற ஃபுட்பால் வேற, இது வேற. ஆஸ்திரேலியன் ரூல்ஸ்னு சொல்வாங்க. மெல்போர்ன் நகரத்துல 1859-ல விதி எழுதி ஆரம்பிச்ச ஆட்டம். கிரிக்கெட் விளையாடற அதே வட்ட மைதானம், ஆனா குளிர்காலத்துல. ஒரு பக்கத்துக்கு 18 பேரு. பந்து முட்டை வடிவத்துல இருக்கும். உதைக்கலாம், கையில வச்சுக் குத்தி அனுப்பலாம், தூக்கி மட்டும் எறியக்கூடாது. ரெண்டு பக்கக் கடைசியிலயும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்குள்ள உதைச்சா 6 பாயிண்ட், ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில போனா 1 பாயிண்ட். ஒருத்தன் முதுகு மேல ஏறி எம்பி அந்தரத்துல பந்தைப் பிடிக்கிறதுதான் இந்த ஆட்டத்துக்கே அழகு.

விக்டோரியா மாநிலத்துக் கிராமங்கள்ல இந்தக் கிளப்தான் ஊரோட நடுத்தூண். சனிக்கிழமை ஆச்சுன்னா ஊரே மைதானத்துல இருக்கும். மைதானத்தைச் சுத்தி காரை நிறுத்திக்கிட்டு, கோல் விழுந்தா ஹாரன் அடிப்பாங்க. ஆம்பளைங்க ஃபுட்பால் ஆட, பக்கத்துக் கோர்ட்டுல பொண்ணுங்க நெட்பால் ஆடுவாங்க. அதனாலதான் கிளப் பேர்லயே ‘ஃபுட்பால் நெட்பால் கிளப்’னு இருக்கும். சின்னப் பசங்க டீம், இளவட்ட டீம், ரிசர்வ், சீனியர்னு காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் ஆட்டம். கேன்டீன்ல நிக்கிறது, கோடு போடறது, ஸ்கோர் எழுதறது எல்லாம் ஊர்க்காரங்க சும்மா செய்யற வேலை. டிராக்டர் பெருசாகப் பெருசாக, ஒருத்தரே பத்து பேரு நிலத்தை ஓட்ட ஆரம்பிச்சதும், பல ஊர்ல டீம் சேர்க்கவே ஆள் பத்தல. ரெண்டு ஊர் கிளப்பைச் சேர்த்து நடுவுல ஒரு கோடு போட்டுப் பேரு வச்சாங்க. லீட்ச்வில்-கன்பவர் அப்படி ஒண்ணு. பள்ளிக்கூடம் மூடினாக்கூடத் தாங்கிக்குவாங்க, கிளப் மூடினா ஊரே செத்த மாதிரி ஆயிடும்.

அப்படிப்பட்ட நாட்டுல, ஒரு சனத்தோட கிளப்பை லீக்ல சேர்த்துக்கவே மாட்டேன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதைப் புரிஞ்சுக்க நூறு வருஷம் பின்னாடி போகணும்.

நிலம் கேட்டவங்க

மர்ரே ஆத்துக்கு வெள்ளைக்காரங்க ஆடு ஓட்டிக்கிட்டு வந்தப்ப, ரெண்டு கரையிலயும் இருந்தவங்க யோர்ட்டா யோர்ட்டா. பார்மா காடுன்னு ஒண்ணு இருக்கு, செம்மரம்னு நாம சொல்றது இல்ல, அங்க ரெட் கம்னு சொல்ற யூகலிப்டஸ் வகை. வெள்ளம் வந்து நின்னு வடிஞ்சாத்தான் தழைக்கிற மரம். அந்த வெள்ளத்துல மீனு, வாத்து, கிழங்குன்னு வாழ்ந்த சனம். ஆட்டு மந்தைங்க வந்து எல்லாத்தையும் மேஞ்சு முடிச்சதும் சோத்துக்கே வழி இல்லாமப் போச்சு. 1874-ல டேனியல் மாத்யூஸ்னு ஒருத்தர் மலோகாங்கிற இடத்துல மிஷன் ஒண்ணு ஆரம்பிச்சார். மிச்சம் இருந்தவங்க அங்க வந்து சேர்ந்தாங்க.

1881-ல அவங்கள்ல 42 பேரு கையெழுத்துப் போட்டு நியூ சவுத் வேல்ஸ் கவர்னருக்கு ஒரு மனு கொடுத்தாங்க. என்ன கேட்டாங்க? காசு கேட்கல, கஞ்சி கேட்கல. எங்க வேட்டை நிலமெல்லாம் போயிடுச்சு, உழுது பயிர் பண்ணவும் மாடு கன்னு வளர்க்கவும் போதுமான நிலம் கொடுங்க, நாங்களே எங்களைப் பாத்துக்கறோம்னு கேட்டாங்க. இந்த மனுவை ஞாபகத்துல வச்சுக்குங்க. கடைசியில திரும்ப வரும்.

1883-ல 1800 ஏக்கர் ஒதுக்கினாங்க. 1888-ல சனங்க மலோகாவை விட்டுட்டு அந்த நிலத்துக்குப் போய் ஊர் கட்டினாங்க. அதுதான் கம்மரகஞ்சா. மரம் வெட்டி, வேர் பறிச்சு, கோதுமை விதைச்சாங்க. 1890-கள்ல சில குடும்பங்களுக்குத் தனித்தனியாத் துண்டு நிலமும் கொடுத்தாங்க. புதுக்காட்டைத் திருத்தறது எவ்வளவு வேலைன்னு மண்ணுல கை வச்சவங்களுக்குத் தெரியும். முதல் நாலஞ்சு வருஷம் மண்ணு ஒண்ணும் கொடுக்காது, வாங்கிக்கிட்டே இருக்கும். அதைத் தாண்டி நிமிர்ந்த நேரத்துல, 1900-க்குப் பின்னாடி வந்த முதல் பத்து வருஷத்துலயே, அந்தத் துண்டு நிலத்தை எல்லாம் அரசாங்கத்தோட ‘பாதுகாப்பு வாரியம்’ திரும்ப எடுத்துக்கிச்சு. பிற்பாடு பொது நிலத்துலயும் பெரும்பகுதியை வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. திருத்தினது ஒருத்தர், அறுத்தது இன்னொருத்தர்.

பேரு மட்டும் பாதுகாப்பு வாரியம். 1909-ல சட்டம் போட்டு, யாரு ஊருக்குள்ள இருக்கலாம், யாரு வெளிய போகணும்னு முடிவு பண்ற அதிகாரம் அதுக்கு வந்துச்சு. 1915-ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, கோர்ட்டுக்குப் போகாமலேயே புள்ளைங்களைப் பெத்தவங்க கிட்ட இருந்து எடுத்துட்டுப் போகவும் வழி பண்ணினாங்க.

நம்ம பக்கத்துல இருந்து போன வாத்தியார்

இங்க ஒரு ஆளைச் சொல்லாம விட முடியாது. தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸ் தீவுல 1859-ல பிறந்தவர், இந்திய வம்சாவளி. கடல் தாண்டி மெல்போர்ன் வந்தவர் 1881 வாக்குல டேனியல் மாத்யூஸைச் சந்திச்சு மலோகாவுக்குப் போனார். அங்கயே தங்கிட்டார். 1885-ல அந்தச் சனத்துலயே ஏடா கூப்பர்ங்கிற பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மலோகாவுலயும் கம்மரகஞ்சாவுலயும் சேர்த்து நாற்பது வருஷம் பக்கமாப் பள்ளிக்கூடம் நடத்தினார். உடம்பு சரியில்லன்னா மருந்தும் கொடுத்தார். ஊரே அவரை ‘தாத்தா ஜேம்ஸ்’னுதான் கூப்பிடும்.

அந்தப் பள்ளிக்கூடம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. ஏடாவோட அண்ணன்தம்பிங்கள்ல ஒருத்தர் வில்லியம் கூப்பர். வளர்ந்த வயசுலதான் எழுத்து கத்துக்கிட்டார். எழுபது வயசுக்கு மேல மெல்போர்னுக்குக் குடிபோய், ஊர் ஊராக் கையெழுத்து வாங்கி, எங்களுக்கும் பார்லிமென்டுல ஒரு ஆள் வேணும்னு இங்கிலாந்து ராஜாவுக்கு மனு தயார் பண்ணினார். 1814 கையெழுத்து. ஆஸ்திரேலிய அரசாங்கம் அதை ராஜாவுக்கு அனுப்பவே இல்ல. அதே மனுஷன்தான் 1938 டிசம்பர்ல, ஜெர்மனியில யூதர்களை அடிக்கிறாங்கன்னு பேப்பர்ல படிச்சுட்டு, மெல்போர்ன்ல இருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு ஊர்வலமாப் போய்க் கண்டனம் தெரிவிச்சவர். தனக்கே ஓட்டு இல்லாதவங்க, முன்னப்பின்ன பாக்காத சனத்துக்காக நடந்தாங்க.

பந்து வந்த கதை

நிலத்தைப் பிடுங்கலாம், புள்ளையைப் பிடுங்கலாம், சனிக்கிழமை மத்தியானத்தைப் பிடுங்க முடியல. கம்மரா டீம் சுத்துப்பட்டு லீக்ல எல்லாரும் பயப்படற டீமா ஆச்சு. 1920-களோட பிற்பகுதியில கோப்பை மேல கோப்பை வாங்கினாங்க. வாரம் பூரா மேனேஜர் கிட்ட அனுமதி கேட்டு வாழ்றவங்க, அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் யாரு கிட்டயும் எதுவும் கேட்க வேண்டியது இல்ல. வெள்ளைக்காரப் பையனும் இவங்களும் ஒரே மைதானம், ஒரே விதி, ஒரே ஸ்கோர் போர்டு. நாட்டுல வேற எங்கயும் அந்தச் சமம் இல்ல.

அந்த மண்ணுல 1906-ல பிறந்தவர் டக் நிக்கல்ஸ். தாத்தா ஜேம்ஸ் கிட்டப் படிச்ச பையன். எட்டு வயசுல, போலீஸ் வந்து அக்கா ஹில்டாவை இழுத்துட்டுப் போனதைக் கண்ணால பாத்தவர். உயரம் வெறும் 158 சென்டிமீட்டர், ஆனா ஓட்டம் அப்படி ஒரு ஓட்டம். மெல்போர்ன்ல கார்ல்டன் கிளப்புக்குப் பயிற்சிக்குப் போனார். கறுப்புத் தோலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்க மாட்டேன்னு அங்க ஒருத்தன் சொல்லிட்டான், கூட ஆடறவங்க நாத்தம் அடிக்குதுன்னாங்க. வெளிய வந்துட்டார். 1927-ல நார்த்கோட் கிளப் சேர்த்துக்கிச்சு. 1929-ல அந்தக் கிளப் கோப்பை அடிச்சப்ப டீம்ல அவரு இருந்தார். அந்த வருஷமே ஓட்டப்பந்தயத்துலயும் ரெண்டு பெரிய பரிசு. ஆட்டத்துல வர்ற காசு பத்தாம, கூடாரத்துல நடக்கிற குத்துச்சண்டைக்கும் போனார்.

1932-ல ஃபிட்ஸ்ராய்ங்கிற பெரிய கிளப். முதல்ல அங்கயும் டிரஸ் மாத்தற ரூம்ல ஒரு மூலையில தனியாத்தான் உக்காந்திருப்பார். ஹேடன் பன்டன்னு அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திர ஆட்டக்காரர், நேரா வந்து அவரு பக்கத்துல உக்காந்து டிரஸ் மாத்த ஆரம்பிச்சார். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கல. ஃபிட்ஸ்ராய்க்கு 54 மேட்ச் ஆடினார். பிற்பாடு மதபோதகர் ஆனார், தன் சனத்துக்காக வாழ்க்கை பூரா மேடை ஏறினார். 1972-ல சர் பட்டம், பூர்வகுடியில இருந்து முதல் ஆள். 1976-ல தெற்கு ஆஸ்திரேலியாவுக்கே கவர்னர். ஒரு காலத்துல கவர்னருக்கு மனு எழுதின சனம், அந்தச் சனத்துல ஒருத்தர் கவர்னர் நாற்காலியில! 1988-ல காலமானப்ப அவரைக் கொண்டு வந்து அடக்கம் பண்ணினது கம்மரகஞ்சாவுலதான். இப்ப பெரிய லீக்ல வருஷா வருஷம் பூர்வகுடி மக்களுக்குன்னு நடக்கிற சுற்றுக்கு அவரு பேருதான்.

ஊரைக் காலி பண்ணின நாள்

1930-கள்ல கம்மரா ரொம்ப நொடிஞ்சு போச்சு. ரேஷன் பத்தல, வீடு ஒழுகுது, வியாதி, அடாவடி மேனேஜர். 1939 பிப்ரவரி 4. சிட்னியில இருந்து வந்த, அதே ஊர்ல வேர் உள்ள ஜாக் பேட்டன் பேசினார். அவரைக் கைது பண்ணினாங்க. இருந்தாலும் 200 பேரு வரைக்கும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டினாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் விக்டோரியா, அந்த வாரியத்தோட கை அங்க எட்டாது. பார்மா கரையில குடிசை போட்டுக் குளிர்காலத்தைக் கழிச்சாங்க.

பலபேரு திரும்பிப் போகவே இல்ல. வேலை இருக்கிற இடம் தேடித் தெக்கே நகர்ந்தாங்க. ஷெப்பர்டன் சுத்துவட்டாரம் பூரா வாய்க்கால் பாசனம். 1891-லயே கோல்பர்ன் ஆத்துல அணை கட்டித் தண்ணி திருப்பிட்டாங்க. பீச், பேரி, தக்காளின்னு ஒரே தோட்டம். பழம் டப்பாவுல அடைக்கிற பெரிய தொழிற்சாலைங்களும் அங்கதான். பறிக்கிற சீசனுக்கு ஆள் வேணும். ஆனா பறிச்சு முடிச்சதும் டவுனுக்குள்ள தங்க இடம் கிடையாது. ஷெப்பர்டனுக்கும் முரூப்னாவுக்கும் நடுவுல வெள்ளம் வந்தா முங்கற ஆத்துப் படுகை, ‘ஃப்ளாட்ஸ்’னு பேரு. குப்பைமேட்டுல கிடைச்ச தகரம், சாக்கு வச்சு அங்க குடிசை போட்டுக்கிட்டாங்க. அவங்க பறிச்ச பழம் டப்பாவுல உலகம் பூராப் போச்சு. 1954-ல இங்கிலாந்து ராணி அந்த வழியாப் போனப்ப, குடிசைங்க கண்ணுல படாம இருக்க ரோட்டோரம் சாக்குத் துணியில மறைப்புக் கட்டினாங்கன்னு இன்னைக்கும் பெரியவங்க சொல்றாங்க.

1958-ல முரூப்னாவுக்கு வெளிய பத்து கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தாங்க. அந்த இடத்துக்கு வச்ச பேருதான் ரும்பலாரா. பத்து வீடு எத்தனை குடும்பத்துக்குப் பத்தும்? இருந்தாலும் ஒரு பேரு கிடைச்சுச்சு. பிற்பாடு அதே இடத்துல சனங்களே சேர்ந்து கூட்டுறவுச் சங்கம், வைத்தியசாலைன்னு ஆரம்பிச்சப்ப அந்தப் பேரையே வச்சுக்கிட்டாங்க.

கதவு திறக்க எத்தனை வருஷம்

இவங்க பசங்க ஆடாம இல்ல. சுத்துப்பட்டுல எல்லாக் கிளப்லயும் ஆடினாங்க, ஜெயிச்சுக் கொடுத்தாங்க. ஆனா ஆட்டம் முடிஞ்சு அந்தக் கிளப் ஹால்ல பாட்டி, அத்தை, குழந்தைகளோட போய் உக்கார முடியுமா? முடியாது. ஆட்டக்காரன் மட்டும் வேணும், அவன் குடும்பம் வேண்டாம்.

நாங்களே ஒரு கிளப் நடத்தறோம், லீக்ல சேர்த்துக்கங்கன்னு கேட்டா, மத்த கிளப்புங்க ஓட்டுப் போட்டுத்தான் முடிவு. பல தடவை கேட்டு, பல தடவை முடியாதுன்னு வந்துச்சு. பால் பிரிக்ஸ்ங்கிறவர் முன்னாடி நின்னு விடாம முட்டினார். கடைசியில 1997-ல மத்திய கோல்பர்ன் லீக் கதவைத் திறந்துச்சு. ரும்பலாரா ஃபுட்பால் நெட்பால் கிளப் களத்துல இறங்குச்சு. அடுத்த வருஷமே, 1998-ல, சீனியர் கோப்பை அவங்க கையில!

இப்ப அந்த மனுவுக்கு வருவோம். இதே 1998. பார்மா காடும் ஆத்து நிலமும் எங்களோடதுன்னு யோர்ட்டா யோர்ட்டா மக்கள் போட்ட கேஸ் நாலு வருஷமா நடந்துக்கிட்டிருந்துச்சு. டிசம்பர் 18-ந் தேதி தீர்ப்பு. கிடையாதுன்னுட்டார் நீதிபதி. உங்க பழைய வழக்கங்கள் எல்லாம் வரலாற்று அலையில அடிச்சுட்டுப் போயிடுச்சு, அதனால நிலத்து மேல உரிமையும் போயிடுச்சுன்னு சொன்னார். அதுக்கு அவரு காட்டின ஆதாரத்துல ஒண்ணு, 1881-ல 42 பேரு கையெழுத்துப் போட்ட அதே மனு. உழறதுக்கு நிலம் கேட்டீங்களே, அப்பவே பழைய வாழ்க்கையை விட்டுட்டீங்கன்னு அர்த்தமாயிடுச்சாம். 2002-ல நாட்டோட உச்ச நீதிமன்றமும் 5-க்கு 2-ன்னு அதையே உறுதி பண்ணிருச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சரியாச் சாப்பாடு இறங்கல. பசிச்சவன் ஏர் பிடிக்கிறேன்னு சொன்னதே அவனுக்கு எதிர் சாட்சியாப் போச்சு. எந்த ஊரு விவசாயியா இருந்தாலும் இது சுடும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. நீங்க ஒரு சனமாவே இல்ல, கரைஞ்சு போயிட்டீங்கன்னு கோர்ட்டு சொன்ன வருஷத்துல, அந்தச் சனம் மூணு மாசத்துக்கு முன்னாடிதான் ஒரே பேர்ல, ஒரே ஜெர்சியில கோப்பையைத் தூக்கியிருந்துச்சு. கோட்டுக்கு வெளிய பாட்டி, கோர்ட்டுல பேத்தி, மைதானத்துல பேரன். கரைஞ்சு போன சனம் அப்படியா இருக்கும்? அந்த மைதானத்துக்கு நீதிபதியை ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போயிருந்தா என்ன எழுதியிருப்பாரோ!

இன்னைக்கு

பழைய லீக் கலைஞ்சதும் ரும்பலாரா மர்ரே லீக்குக்கு மாறுச்சு. தாத்தாங்க ஊர் கம்மரா எந்த ஆத்தங்கரையில இருக்கோ, அந்த ஆத்தோட பேர்ல ஒரு லீக். 2004-ல மெல்போர்ன் பல்கலைக்கழகமும் கிளப்பும் சேர்ந்து ஷெப்பர்டன்ல ஒரு படிப்பு மையம் ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துல ஒட்டாத பசங்க, மைதானம் வழியாப் படிப்புக்கு வரட்டும்னு. விளையாட்டுல ஆரம்பிச்சு உடம்பு, சாப்பாடு, படிப்பு, வேலைன்னு கிளப் வேலை விரிஞ்சுக்கிட்டே போகுது. கம்மரகஞ்சா நிலமும் 1984-ல சட்டப்படி அந்த மக்களோட நிலக் கவுன்சில் கைக்கு வந்துச்சு. பார்மா காடு 2010-ல தேசியப் பூங்கா ஆனப்ப, நிர்வாகத்துல யோர்ட்டா யோர்ட்டாவுக்கும் இடம் கொடுத்தாங்க. முழுசா இல்ல, ஏதோ கொஞ்சம்.

எல்லா வருஷமும் ஜெயிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. தோக்கிற வருஷமும் உண்டு, சண்டை சச்சரவு வர்ற வருஷமும் உண்டு, கோட்டுக்கு வெளிய இருந்து நிறத்தைச் சொல்லிக் கத்தறவங்க இன்னும் முழுசா ஓயல. கிளப்னா அப்படித்தான். நிலம் மாதிரி, ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் காயும். கையை விடாம இருக்கிறதுதான் விஷயம்.

டவுன்ல இருக்கிற நீங்க எப்பவாவது மெல்போர்ன் பக்கம் போனா, வடக்கே ரெண்டு மணி நேரம் வண்டியில போங்க. குளிர்காலத்துச் சனிக்கிழமையாப் பாத்துப் போங்க. ஷெப்பர்டன்ல மெர்குரி டிரைவ்னு கேட்டா மைதானத்துக்கு வழி சொல்வாங்க. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் காசு, கேன்டீன்ல சூடா ஒரு மீட் பை. கோல் விழறப்ப ஹாரன் சத்தம் கேட்டா பயப்படாதீங்க, நீங்களும் ஒரு தட்டு தட்டுங்க.